அழக்கூடாத ஆறு வாரம்

சமையலறையில் மிக்ஸி ஓடியது. உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஓடியது.

கட்டிலில் மல்லாந்து கிடந்த ராமுத்தாய்க்கு அது சத்தத்திலேயே தெரிந்தது. தேங்காய் விழுந்தால் முதலில் கரகரவென்று அடிபடும். தண்ணீர் ஊற்றியதும் சத்தம் குழைந்து இறங்கும். வெறும் ஜார் சுற்றும்போது மட்டும்தான் இப்படி வீறிடும். மகள் யுவராணி சட்னி அரைக்கவில்லை. மிக்ஸியைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருக்கிறாள்.

'அழு தாயி. நீயாச்சும் அழு' என்று ராமுத்தாய் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. அகலமான பெல்ட்டுக்கு அடியில் தையல் போட்ட இடம் கனத்துக் கிடந்தது. ஆபரேஷன் முடிந்து இன்றைக்கு முப்பத்தாறாவது நாள்.

மிக்ஸி நின்றது. முகம் கழுவும் சத்தம் கேட்டது. யுவராணி கதவோரம் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்னத்தடி அரைச்ச?"

"வெங்காயம்மா. காந்தல் கண்ணுல ஏறிருச்சு."

"ம்."

"பேச்சி அத்தை ஒன்னையப் பாக்க வர்றாகளாம். இப்பத்தான் போன் பண்ணுனாக. கம்பத்துல எறங்கி டவுன் பஸ்ஸுக்கு நிக்கிறாக." யுவராணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாமா இன்னும் வண்டன்மேட்டுலதான் இருக்காகளாம். ஏலத் தோட்டத்துல மருந்தடிக்கிற வேலை முடியலையாம். அங்கன செல்லும் எடுக்காது."

ராமுத்தாய் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

பேச்சி என்கிற முத்துப்பேச்சி, ராமுத்தாயின் தம்பி தங்கப்பாண்டியனின் மனைவி. தங்கப்பாண்டியன் வண்டன்மேட்டில் இல்லை. அவன் செத்து முப்பத்து மூன்று நாளாகிறது. அக்காவுக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குத் தெரியும்.

ராமுத்தாய் குச்சனூரில் பிறந்தவள். தம்பியைப் பெற்றுப்போட்ட மறுநாளே தாய் கண்ணை மூடியபோது அவளுக்கு வயது ஒன்பது. அன்றைக்கு அவள் இடுப்பில் ஏறியவன், அவன் கால் தரையில் இழுபடும் வயசு வரைக்கும் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவனையும் தூக்கிக்கொண்டு போனாள். அவன் அழுதான் என்று வாத்தியார் இருவரையும் வெளியே அனுப்பினார். அவள் படிப்பு அதோடு முடிந்தது. கற்ற நாலு எழுத்தும் மறந்துபோனது.

பத்தொன்பது வயதில் காமயகவுண்டன்பட்டி நல்லகண்ணுவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த மூன்றாம் நாளே திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் அண்ணாந்தபடியே குலை வெட்டி, பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றி, வரப்பு வழியாக நடந்து லாரியில் சேர்க்க வேண்டும். ஒரு பெட்டி இருபத்தைந்து கிலோ. யுவராணி வயிற்றைக் கிழித்துத்தான் பிறந்தாள். நாற்பத்தொரு வயதில் கர்ப்பப்பையை எடுக்க அதே இடத்தில் மறுபடியும் கிழித்தார்கள். மூன்று மாதத்துக்குக் கனம் தூக்காதே என்றார்கள். நாற்பதாம் நாள் பன்னீர் திராட்சை வெட்டு வந்தது. ராமுத்தாய் சும்மாடு சுற்றினாள். அந்த வருஷம்தான் நல்லகண்ணு காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் ஏது?

அப்புறம்தான் தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் போல ஒன்று தள்ளியது. படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்தால் எட்டிப் பார்க்கும். சில நாள் கொஞ்சம் கீழே, பழைய தழும்பின் நடுவில் தெரியும். சில நாள் இன்னும் கீழே. ஒரே கட்டிதான் இடம் மாறி மாறி விளையாடுகிறது என்று ராமுத்தாய் நினைத்தாள். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இருமல் வந்தால் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, ஏழு வருஷம் பெட்டி சுமந்தாள். தோட்டத்தில் கூட வேலை பார்த்த மொக்கம்மாள்தான் முதலில் அந்தக் குடலிறக்கத்துக்குப் பெயர் சொன்னாள்: "ஏத்தா, இது இரணியாடி. என் கொழுந்தனுக்கும் இருந்துச்சு."

போன மாதம் ஒருநாள் அந்த எலுமிச்சம்பழம் உள்ளே போக மாட்டேன் என்று கல்லாக நின்றுவிட்டது. குமட்டல், வாந்தி. சேதி கேட்டுக் குச்சனூரிலிருந்து தங்கப்பாண்டியன் ஓடி வந்தான். தேனி ஆஸ்பத்திரி வரைக்கும் காரில் அக்காவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு போனான். டாக்டர் ஹேமாவதி படுக்க வைத்துப் பக்குவமாக அமுக்கி உள்ளே தள்ளினார். இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் என்று சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை பச்சை உடுப்புப் போட்டு உட்கார வைத்திருந்தபோது தம்பி பக்கத்தில் வந்து குனிந்தான்.

"யக்கா, பயமா இருக்கா?"

"இல்லாம? வயித்தக் கிழிக்கப் போறாகள்ல."

"பின்ன? இரணியான்னா வயித்தக் கிழிச்சாத்தானே வதம் பண்ண முடியும். நரசிம்மரு மடியில போட்டுக் கிழிச்சாரு, இந்தம்மா கட்டில்ல போட்டுக் கிழிக்குது. அம்புட்டுத்தான்."

ராமுத்தாய் சிரித்துவிட்டாள். சிரித்ததில் கட்டி குபுக்கென்று வெளியே தள்ளியது. "ஏலே, சிரிக்க வைக்காதடா, வெளிய வருதுடா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் தன் கையையும் அவள் கைமேல் வைத்து அமுக்கினான். தள்ளுவண்டி வந்தது. அவள் மயக்கம் தெளியும் முன்பே அவன் ஊருக்குத் திரும்பியிருந்தான். தம்பி அவளோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மயக்கம் தெளிந்த மறுநாள் டாக்டர் ஹேமாவதி சொன்னார்: "ஒண்ணுன்னு நெனச்சுத்தாம்மா தொறந்தோம். உள்ள மூணு ஓட்டை. தொப்புள்ல ஒண்ணு, பழைய தழும்பு நெடுக ரெண்டு. சதை சல்லடையா இருக்கு. மூணையும் தைச்சு, மேல ஒரே வலையா வச்சுருக்கோம். அது சதையோட ஒட்டுறதுக்கு ஆறு வாரம் ஆகும். கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, அடக்காம இருமக் கூடாது. மறுபடி கிழிஞ்சா தைக்கிறதுக்குச் சதை இல்ல, பாத்துக்கங்க."

இடம் மாறி விளையாடிய ஒரு கட்டி அல்ல, மூன்று ஓட்டைகள். ராமுத்தாய் அதை வெகுநேரம் யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள். மூன்று இடத்தில் கிழிந்திருந்தும் ஒன்று என்று நினைத்துச் சுமந்திருக்கிறாளே!

யுவராணி அந்த மூன்று கட்டளையையும் நர்ஸ் வரும்போதெல்லாம் ஒப்பித்தாள். வெள்ளிக்கிழமை ஆபீசில் லீவு சொல்லப் போகிறேன் என்று போனவள் சனிக்கிழமை மதியம்தான் வந்தாள். வந்ததிலிருந்து கட்டளை நான்காகிவிட்டது. "கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, இருமக் கூடாது, அழக் கூடாது."

"அழுகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லலையேடி."

"எங்கிட்டச் சொன்னாக."

தம்பி ஏன் வரவில்லை என்று கேட்டாள். வண்டன்மேடு என்றார்கள். மறுநாளும் கேட்டாள். வண்டன்மேடு. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிற வரைக்கும், வாய் ஓயாமல் கேட்டாள்.

வாடகைக் காரில் வீடு திரும்பிய நாள் அது. வீரபாண்டி தாண்டி, குச்சனூருக்குப் பிரிகிற விலக்கு நெருங்கும்போது யுவராணி திடீரென்று மறுபக்கம் கையை நீட்டினாள். "யம்மா, இங்கிட்டுப் பாரு, வயல்ல எம்புட்டு வாத்துன்னு!"

பிறந்த ஊர் விலக்கை விட்டுவிட்டு வாத்தை யார் பார்ப்பார்கள்? ராமுத்தாய் குச்சனூர்ப் பக்கம்தான் பார்த்தாள். அங்கே ஆளுயரத்துக்கு ஒரு பிளக்ஸ். அதில் தங்கப்பாண்டியன்! யுவராணி கல்யாணத்தில் எடுத்த படம், வெள்ளைச் சட்டை, பல் தெரியச் சிரிப்பு.

'அட, நம்ம தம்பிக்குப் பிளக்ஸ் வச்சுருக்காகளே!' ஒரு நொடி அவள் மனசு பூரித்துப் போனது. காதுகுத்துக்கும் வைக்கிறார்கள், திருவிழாவுக்கும் வைக்கிறார்கள், தலைவர் வருகைக்கும் வைக்கிறார்கள். எதற்கென்று எழுதியிருப்பதை அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு கண் வரைந்திருந்தது. கண்ணிலிருந்து மூன்று சொட்டு. அந்தக் கண்ணைப் படிக்கத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் யாருமில்லை.

கார் கடந்து போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் புரண்டு எழுந்தது. எழுந்த இடத்தில்தான் தையல்! மூன்று இடத்திலும் நெருப்பு வைத்தது போல இழுத்தது. ராமுத்தாய் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்து அந்தக் கேவலை வந்த வழியே கீழே அமுக்கினாள்.

"வலிக்குதாம்மா?"

"ரோடு சரியில்லடி."

அன்றிலிருந்து அவள் தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. சொல்லிவிடலாம் என்று தினமும் விடிகாலையில் நினைப்பாள். சொன்னால் அழ வேண்டும். அழுதால் அடிவயிறு பிய்ந்து போகும். தைக்கச் சதை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரி ஓட்டும் புருஷனை அனுப்பிவிட்டு, லீவைக் கெஞ்சி வாங்கி, மலம் மூத்திரம் அள்ளும் மகளை இன்னொரு தரம் ஆஸ்பத்திரிக்கு இழுப்பதா? அதோடு, அவளுக்கு அலுப்பாகவும் இருந்தது. பிறந்ததிலிருந்து சுமந்து சுமந்து வந்த அலுப்பு. ஒரு பொய்யை இறக்கி வைக்கக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. அப்படியே கிடந்தாள்.

தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் குசுகுசுப்பு. பிறகு முத்துப்பேச்சி உள்ளே வந்தாள்.

ராமுத்தாய் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

நெற்றியில் சிவப்புப் பொட்டு. தலையில் ஒரு முழம் மல்லிகை. கையில் கண்ணாடி வளையல். கழுத்து மட்டும் தெரியாதபடி முந்தானையை இழுத்துச் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

"மதினி, எப்பிடி இருக்கீக?" சாத்துக்குடிப் பையைக் கட்டிலோரம் வைத்தாள். "தேறிட்டீகளே. முகம் தெளிஞ்சுருச்சு."

"இருக்கேன் பேச்சி. உக்காரு." ராமுத்தாய் மகளைப் பார்த்தாள். "அத்தைக்குக் காப்பி போடு."

"இந்தாம்மா, அடுப்புல வைக்கப் போறேன்."

"காலைல வாங்குன பாலா? அது வாட வருதுடி. சொசைட்டில போயி நல்ல பாலா வாங்கியா."

யுவராணி அத்தையைப் பார்த்தாள். கண்ணாலேயே எதையோ கெஞ்சினாள். பிறகு தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

முத்துப்பேச்சி மடியில் கையைக் கோத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். "வண்டன்மேட்டுல ஒரே மழையாம் மதினி. ஒங்க தம்பிக்குச் சளி பிடிச்சுருக்காம். அக்காவ நல்லாப் பாத்துக்கிறச் சொன்னாக..."

"பேச்சி."

"ம்?"

"பூ யாரு வாங்கிக் குடுத்தா?"

முத்துப்பேச்சி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"நாந்தான் மதினி. கம்பம் பஸ் ஸ்டாண்டுல."

"வச்சுவிட்டது?"

"பூக்காரம்மா. 'திரும்பு தாயி, கோணலா இருக்கு'ன்னு அதுவே வச்சுவிட்டுச்சு. அதுக்குத் தெரியாதுல்ல." அவள் பூவைத் தொட்டுப் பார்த்தாள். "பக்கத்துக் கடையில பொட்டும் வளையலும் வாங்குனேன். கண்ணாடி இல்ல, பஸ் கண்ணாடியில பாத்து ஒட்டுனேன். எனக்கு அப்பவே சந்தேகம்தான் மதினி. பத்து நாளு வாய் ஓயாமக் கேட்ட மனுசி இப்பக் கேக்குறதே இல்லேன்னு யுவா சந்தோசமாச் சொன்னா. இவுக கேக்காம இருக்குற ஆளா? தெரிஞ்சு போச்சோன்னு நெனச்சேன். தெரியாட்டி என்ன செய்யுறது, வெறும் நெத்தியோட வந்து நின்னா ஒங்க உசுரு போயிருமேன்னுதான்..."

"எப்பிடிப் போனான்?"

"வெள்ளிக்கெழம விடிய மோட்டார் போடப் போனாக. திரும்பி வந்து தண்ணி கேட்டாக. நெஞ்சை அடைக்கிதுன்னாக. ஆட்டோவுல ஏத்திச் சின்னமனூருக்குக் கொண்டு போனோம். பாதி வழியில என் கையப் பிடிச்சாக. ஏதோ பிள்ளைகளப் பத்திச் சொல்லப் போறாகன்னு காதக் குடுத்தேன். 'அக்காட்டச் சொல்லிராத பேச்சி. பச்சைத் தையலு, பிரிஞ்சுரும்'னாக. அம்புட்டுத்தான் மதினி. எனக்கு ஒரு வார்த்த இல்ல. பிள்ளைகளுக்கு ஒரு வார்த்த இல்ல."

ராமுத்தாய் உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

"ஊருல என்னென்ன பேசுனாக தெரியுமா? 'தாயா வளத்தவ தலைமாட்டுல இல்லையே, அப்பிடி என்ன சண்டை'ன்னு கேட்டாக. 'கூடப் பொறந்தவ வாய்க்கரிசி போடாம எடுக்குறீகளே'ன்னு வஞ்சாக. நான் வாயத் தொறக்கல. சொன்னா எவனாவது போனப் போட்டு ஒங்களுக்கு எழவு சொல்லிருவானேன்னு பொறுத்துக்கிட்டேன். எல்லாரும் என் கழுத்தக் கட்டி அழுதுட்டுப் போயிட்டாக மதினி. நீங்க ஒராளுதான் பாக்கி. அது எனக்கு நெஞ்சுல கல்லா நிக்கிது."

துக்கத்தில் நாத்தனார் கழுத்தைக் கட்டி அழாத வரைக்கும் அந்தத் துக்கம் முழுசாகக் கேட்கப்படவில்லை என்பது அவர்கள் பக்கத்துக் கணக்கு. ராமுத்தாய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"வா ஆத்தா. கிழிஞ்சா கிழியட்டும். வா."

முத்துப்பேச்சி எழுந்தவள், நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொறுங்க மதினி. இருமல் வந்தா என்ன செய்யச் சொன்னாக?"

"தலகாணிய வயித்துல வச்சு அமுக்கச் சொன்னாக."

"அப்ப அழுகைக்கும் அதான்."

தலைமாட்டிலிருந்த இலவம்பஞ்சுத் தலையணையை உருவினாள். ராமுத்தாயை மெல்லச் சாய்த்து உட்கார வைத்தாள். தலையணையை அவள் வயிற்றில் வைத்து, அதன்மேல் தன் மார்பையே அணை கொடுத்து, இரண்டு கையாலும் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"வயித்தால அழுகாதீக மதினி. கண்ணால மட்டும் அழுகுங்க. நான் பிடிச்சுருக்கேன்."

அழுதார்கள். மாரடிக்கவில்லை, பாட்டெடுக்கவில்லை. ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழவேண்டிய அழுகையை, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காமல் மூக்கால் முனகி முனகி அழுதார்கள். கேவல் எழும்பும் போதெல்லாம் முத்துப்பேச்சி அழுத்தினாள். அழுத்தம் தாங்காமல் அது தொண்டையில் கரைந்து கண் வழியாக வந்தது. "என் தங்கமே... என் இடுப்ப விட்டு எறங்காத புள்ளையே..." என்று ராமுத்தாய் அவள் தோளில் வாயை வைத்துச் சொன்னாள். மல்லிகை நசுங்கியது. தோள் நனைந்தது. எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது.

ஓய்ந்தபோது முத்துப்பேச்சி தலையணையை எடுத்தாள். பெல்ட்டுக்கு மேலாக உள்ளங்கையை வைத்து, தொப்புள் பக்கம் ஒரு தரம், கீழே ஒரு தரம், இன்னும் கீழே ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் தள்ளல மதினி. அப்பிடியே இருக்கு."

"இருக்குதா?"

"இருக்கு."

ராமுத்தாய் கண்ணை மூடிச் சாய்ந்தாள். இருபத்தாறு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை இப்போதுதான் விட்டவள் போலச் சோர்ந்து கிடந்தாள். முத்துப்பேச்சி தலையிலிருந்த பூவைக் கழற்றினாள். வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள். நெற்றிப் பொட்டை உரித்து, யுவராணியின் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்த கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் அதற்காக அழவில்லை. அழுகை முடிந்துபோயிருந்தது.

யுவராணி பால் தூக்கோடு வந்தபோது அத்தை பையை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்திருந்தாள்.

"என்னத்தை அதுக்குள்ள? காப்பி குடிச்சுட்டுப் போங்க."

முத்துப்பேச்சி அவள் கன்னத்தை ஒரு தரம் தொட்டாள். செருப்பை மாட்டினாள். யுவராணி காத்திருந்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் "போயிட்டு வாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். முத்துப்பேச்சி சொல்லவில்லை. திரும்பியும் பார்க்காமல் தெருவில் இறங்கி, வெறும் நெற்றியோடு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

சொல்லிக்கொள்ளாமல் போவது துக்கம் கேட்ட வீட்டிலிருந்துதான். யுவராணி தூக்குச் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். மெல்லத் திரும்பினாள். கட்டிலில் அம்மாவின் முகம் முழுக்க நனைந்து கிடந்தது.

"யம்மா... ஒனக்கு..."

"எனக்குத் தெரியும் தாயி. நீ இனிமே அடுப்படியில நின்னு அழுக வேணாம்." ராமுத்தாய் கட்டிலோரம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "கதவச் சாத்திட்டு வா."

யுவராணி பாலைத் தரையில் வைத்தாள். தெருமுனையில் அத்தையின் முதுகு மறையும் வரைக்கும் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.